மணமுறிவுக்குப் பின் சி.பி.பி. பங்கீடு: சர்வீஸ் கனடாவின் ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் ஐம்பது வயதுக்கு மேல் பிரியும்போது பேச்சு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே நடக்கிறது. வீடு யாருக்கு, அதன் மீதுள்ள கடனை யார் கட்டுவது, நகைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றுக்கே சட்டத்தரணியின் நேரமும் குடும்பத்தின் பொறுமையும் செலவாகிவிடுகின்றன. அத்தனை ஆண்டுகளாக ஒருவரின் சம்பளத்திலிருந்து மட்டும் மாதாமாதம் பிடிக்கப்பட்டு வந்த ஓய்வூதியப் பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது கையில் வாங்கி எண்ணிப் பார்க்க முடியாத சொத்து என்பதால் அப்படி நேர்கிறது. ஆனால் எழுபது வயதில் ஒரு பெண் தன் வாடகையைத் தானே கட்டுவாரா, பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து இருப்பாரா என்பதைப் பல குடும்பங்களில் அந்தச் சொத்துத்தான் தீர்மானிக்கிறது.

இந்த மதிப்பீடு, கூட்டாட்சி அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் கனடா வழங்கும், கனடா ஓய்வூதியத் திட்டத்தின், அதாவது நாம் பேச்சில் சி.பி.பி. என்று சொல்லும் திட்டத்தின், ‘கிரெடிட் ஸ்பிளிட்’ என்ற சேவையைப் பற்றியது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் கணவனும் மனைவியும் ஈட்டிய ஓய்வூதிய உரிமையை ஒன்றாகக் கூட்டி இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்து எழுதுவதே இந்தச் சேவை. என் அக்காவின் மணமுறிவின்போது அவருடைய கடதாசி வேலைகள் அனைத்தையும் நான் கூட இருந்து செய்தேன். பின்னர் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் அதே நிலையில் இருந்த வேறு சில பெண்களுக்கும் இந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவினேன். ஒன்ராறியோவில் ஓய்வுகாலச் சேமிப்பைப் பிரித்துக்கொள்வதற்கு இருக்கும் வழிகளில் இதுவே மிகவும் நேர்மையானது, செலவில்லாதது, எதிர்த்தரப்பின் மனநிலையில் தங்கியிராதது என்பது என் முடிவு. அதன் ஒரே பெரிய குறை, தேடிப் போகாதவருக்கு அது கிடைப்பதில்லை என்பதுதான்.

சேவை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி.பி.பி. 1966 ஜனவரியில் தொடங்கியது. வேலை செய்யும் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தில் 3,500 டொலருக்கு மேற்பட்ட பகுதியிலிருந்து, அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் உச்சவரம்பு வரை, பங்களிப்புப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஒருவருக்குப் பிற்காலத்தில் எவ்வளவு ஓய்வூதியம் வரும் என்பது அவருடைய பெயரில் ஆண்டுவாரியாகப் பதிவாகியிருக்கும் வருமானத்தைப் பொறுத்தது. மணமுறிவுக்குப் பின் பங்கீடு செய்யும்போது அரசு பணத்தைத் தொடுவதில்லை. அந்தப் பதிவுகளைத்தான் தொடுகிறது. கணவரின் பெயரில் ஓர் ஆண்டில் 30,000 டொலரும் மனைவியின் பெயரில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், பங்கீட்டுக்குப் பின் அந்த ஆண்டில் இருவர் பெயரிலும் 15,000 டொலர் என்று எழுதப்படும். சேர்ந்து வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இது தனித்தனியாக நடக்கும்.

மணமுறிவு பெற்றவர்களுக்கு இந்த ஏற்பாடு 1978இல் வந்தது. 1987 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அது விரிவாக்கப்பட்டு, சட்டப்படி மணமுறிவு பெறாமல் பிரிந்து வாழ்பவர்களுக்கும், பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் கிடைத்தது. அந்தத் திகதிக்குப் பின் மணமுறிவு பெற்றவர்கள் குறைந்தது தொடர்ச்சியாக 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும். அவர்களுக்கு விண்ணப்பிப்பதற்குக் கால எல்லை இல்லை. பிரிந்த ஆண்டு கணக்கில் சேராது; அதற்கு முந்திய ஆண்டின் டிசம்பருடன் கணக்கு முடிகிறது. இருவரின் வருமானமும் சேர்த்து 7,000 டொலரைத் தாண்டாத ஆண்டுகளும், இருவரில் ஒருவர் ஏற்கெனவே சி.பி.பி. ஓய்வூதியமோ இயலாமைக் கொடுப்பனவோ பெற்றுக்கொண்டிருந்த காலமும் பிரிக்கப்படுவதில்லை. கட்டணம் எதுவும் இல்லை. இருவரில் எவரும் விண்ணப்பிக்கலாம். மற்றவரின் கையொப்பம் தேவையில்லை. சண்டையும் மனக்கசப்புமாக முடிந்த திருமணங்களில் இந்தக் கடைசி விதி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, ஒரு கையெழுத்துக்காக முன்னாள் கணவரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்த பெண்களைக் கேட்டால் தெரியும்.

அக்காவின் கதையைத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். அவருக்கு யாழ்ப்பாணத்தில் திருமணம் நடந்தது. 1989இல் இருவரும் இங்கே வந்தார்கள். அத்தான் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலையில் இருந்தார். அக்கா மூன்று பிள்ளைகளை வளர்த்தார், அத்தானின் தாயாரைப் படுக்கையில் வைத்துப் பராமரித்தார், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு உணவுப்பொருள் பொதிசெய்யும் தொழிற்சாலையில் பகுதிநேர வேலைக்குப் போனார். 2019இல் பிரிந்தார்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் அவருடைய சி.பி.பி. பங்களிப்பு அறிக்கையை எடுத்தோம். அதில் இடப்பக்கம் ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நேரே அந்த ஆண்டில் கட்டிய பங்களிப்பும் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படும் வருமானமும் இருக்கும். 1990இலிருந்து தசாப்தம் முழுவதும் அக்காவின் பெயருக்கு நேரே பூச்சியம். விடிய ஐந்து மணிக்கு எழும்பி மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டி, மாமியாரைக் குளிப்பாட்டி, இரவு வேலைக்குப் போகும் கணவருக்குத் தேநீர்க் குடுவையை நிரப்பி வைத்த ஆண்டுகள் அவை. பங்கீடு முடிந்த பின் அதே அறிக்கையை மறுபடி எடுத்தபோது, 1995க்கு நேரே 14,200 டொலர் என்று இருந்தது. அந்த ஆண்டு அத்தானின் பதிவில் இருந்தது 28,400. அந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதுவும் என்ர உழைப்பெண்டு எழுதியிருக்கிறாங்களோ?” என்று கேட்டார். ஆம், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவர் சம்பளத்துக்குப் போக முடிவது மற்றவர் வீட்டைத் தாங்குவதால்தான் என்ற உண்மையை இவ்வளவு நேரடியாக எண்ணில் எழுதும் வேறொரு அரச ஆவணத்தை நான் கண்டதில்லை.

ஆரம்பத்தில் அக்கா விண்ணப்பிக்க விரும்பவில்லை. “அவர் உழைச்ச காசு, நான் எப்பிடிக் கேக்கிறது?” என்பதுதான் அவருடைய முதல் பதில். நம் குடும்பங்களில் மூத்த பெண்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். வீட்டில் பாதி கேட்பது உரிமை, பென்சனில் பாதி கேட்பது பேராசை என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து மனத்தில் ஊன்றியிருக்கிறது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பங்கீட்டுக்குப் பின்னும் முன்னாள் கணவர் தன் பாதியை முழுதாக வைத்திருக்கிறார், மணவாழ்வுக்கு முன்னும் பின்னும் அவர் ஈட்டியதில் ஒரு சதம்கூட அசைவதில்லை, அதே ஆண்டுகளில் மனைவி ஈட்டியதில் பாதியும் அவருக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு தாதியாகவோ கணக்காளராகவோ கணவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்த பெண்ணுக்கு இந்தப் பங்கீட்டால் உரிமை குறையவும் செய்யும். அவருக்கு அது கசக்கலாம். ஆனால் விதி ஒன்றாக இருப்பதால்தான் நான் இதை நேர்மையானது என்கிறேன். பங்கீட்டால் இருவருக்குமே ஓய்வூதியம் குறைந்துவிடும் என்ற அரிதான நிலை வந்தால், அதைச் செய்யாமல் விடும் அதிகாரம் அமைச்சருக்குச் சட்டத்தில் உண்டு.

அடுத்ததாக, பலருக்கும் தெரியாத, தெரிந்தால் பலருடைய நிலையை மாற்றக்கூடிய ஒரு விடயம். அக்காவின் பிரிவு ஒப்பந்தத்தில் ‘இருவரும் தத்தம் ஓய்வூதியங்களைத் தாமே வைத்துக்கொள்வர், மற்றவருடையதில் உரிமை கோர மாட்டார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் இது அச்சுப்போல வரும் வரி. அக்கா கையெழுத்திட்டுவிட்டார்; ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார். ஆனால் ஒன்ராறியோவில் செய்துகொண்ட அத்தகைய ஒப்பந்தம் சி.பி.பி. பங்கீட்டைத் தடுக்காது. சி.பி.பி. கூட்டாட்சி அரசின் திட்டம். பங்கீட்டைக் கைவிடுவதாகத் தம்பதியர் எழுதிக்கொள்வது செல்லுபடியாவதற்கு, அதை அனுமதிக்கும் மாகாணச் சட்டம் இருக்க வேண்டும். அத்தகைய சட்டம் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், கியூபெக் ஆகிய மாகாணங்களில்தான் உண்டு. அங்கும் ஒப்பந்தத்தில் சி.பி.பி. வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஒன்ராறியோவில் பல ஆண்டுகளுக்கு முன், ஆனால் 1987 தொடங்கிய பிறகு, மணமுறிவு பெற்று, ‘நான் எழுதிக் கொடுத்துவிட்டேனே’ என்று பேசாமல் இருக்கும் பெண்கள் இன்றும் விண்ணப்பிக்கலாம். முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்டிருந்தாலும், தாம் மறுமணம் செய்துகொண்டிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது.

குறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சட்டத்தின் பார்வையில் மணமுறிவுக்குப் பின் இந்தப் பங்கீடு கட்டாயமானது. ஆனால் மணமுறிவு நடந்ததை அமைச்சுக்கு யாரேனும் அறிவித்துத் தேவையான விவரங்களைக் கொடுத்தால்தான் அந்தக் கட்டாயம் உயிர்பெறுகிறது. ஒன்ராறியோ நீதிமன்றம் மணமுறிவுத் தீர்ப்பை வழங்கிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறது. ‘ஐ.எஸ்.பி. 1901’ என்ற விண்ணப்பப் படிவம் ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லும் கடிதம் எவருக்கும் வருவதில்லை. கியூபெக்கில் நிலைமை வேறு. அந்த மாகாணத்துக்குத் தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. அங்கே மணமுறிவுத் தீர்ப்பு வந்தால், இருவரும் முறைப்படி கைவிட்டிருந்தாலன்றி, பங்கீடு தானாகவே நடந்துவிடுகிறது. மொன்றியலில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கேட்காமலே கிடைப்பது, ஐந்து மணி நேரக் கார் பயணத் தொலைவில் ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய தங்கைக்குக் கேட்டால்தான் கிடைக்கிறது. செய்ய முடியாத காரியம் இது என்று யாரும் சொல்ல முடியாதபடி அயல் மாகாணம் செய்துகாட்டியிருக்கிறது. கூட்டாட்சி அரசும் மாகாண நீதிமன்றங்களும் தீர்ப்பின் பிரதியைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தால் போதும். இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்காததற்கு இது ஒன்றே காரணம்.

மொழியும் ஒரு தடைதான். படிவம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. கேள்விகள் கடினமானவை அல்ல என்றாலும், சேர்ந்து வாழத் தொடங்கிய திகதி, பிரிந்த திகதி, இடையில் பிரிந்து மறுபடி சேர்ந்திருந்தால் அந்தத் திகதிகள் என்று கேட்கும் இடங்களில் தவறு செய்யாமல் இருக்க, பிள்ளைகளோ நம்பிக்கையான ஒருவரோ பக்கத்தில் இருப்பது நல்லது. ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறைகளில் பிரிந்து வாழ்ந்த காலமும் பிரிவாகக் கணக்கிடப்படக்கூடும் என்பதால், பிரிந்த திகதியை மணமுறிவு மனுவில் எழுதியபடியே இங்கும் எழுத வேண்டும்.

எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்வதும் அவசியம். 2025இல் 65 வயதில் சி.பி.பி. பெறத் தொடங்கியவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை மாதம் 1,433 டொலராக இருந்தது. வாழ்நாள் முழுவதும் உச்சவரம்பு வரை சம்பாதித்தவர்களுக்கே அது கிடைக்கும். ஆகவே பங்கீட்டால் ஒருவருக்கு மாதம் சில நூறு டொலர்கள் கூடலாம். அதிலும், மிகக் குறைந்த வருமானமுள்ள முதியோருக்குக் கிடைக்கும் ஜி.ஐ.எஸ். எனும் வருமான உத்தரவாதக் கொடுப்பனவைப் பெறுபவராக இருந்தால், சி.பி.பி. கூடும் ஒவ்வொரு டொலருக்கும் அந்தக் கொடுப்பனவு சுமார் பாதி டொலர் குறையும். இதைக் கேட்டுச் சிலர், ‘பிறகு ஏன் இந்த அலைச்சல்’ என்று விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறான கணக்கு. மீதிப் பாதி கையில் நிற்கிறது, மேலும் ஜி.ஐ.எஸ். ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் நின்றுவிடும், சி.பி.பி. எங்கே இருந்தாலும் வரும். யாழ்ப்பாணத்தில் தமக்கையுடன் ஓர் ஆண்டு இருந்துவிட்டு வர விரும்பும் ஒரு தாய்க்கு இந்த வேறுபாடு சிறியதில்லை.

வேறு இரண்டு விடயங்களுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சேர்ந்து வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் வரியைக் குறைப்பதற்காகத் தம் சி.பி.பி. தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வேறு. அது மணமுறிவுடன் முடிந்துவிடும். முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ். நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளுக்காக அவரவருக்குக் கிடைப்பது. அது பிரிக்கப்படுவதே இல்லை.

சி.பி.பி. பங்கீட்டின் அருமை, வேலைத்தல ஓய்வூதியத்தைப் பிரிக்கும் வழியோடு ஒப்பிடும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. அத்தானின் தொழிற்சாலையில், ஓய்வுபெற்ற பின் மாதாமாதம் நிச்சயமான தொகை தரும் வகைப் பென்சன் இருந்தது. ஒன்ராறியோவில் திருமணமான தம்பதியர் பிரியும்போது அது குடும்பச் சொத்தாகக் கணக்கில் சேரும், சி.பி.பி. அந்தக் கணக்கில் சேராமல் தனி வழியில் பிரியும். முன்பெல்லாம் இந்தப் பென்சனின் பெறுமதியைக் கணிக்க ஒவ்வொரு தரப்பும் தனித்தனியாகக் கணிப்பாளரை அமர்த்தி, இரண்டு அறிக்கைகளும் ஒத்துவராமல் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது; ஓர் ஆசிரியரின் ஓய்வூதியம் பற்றிய அத்தகைய வழக்கு 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரி முதல் மாகாணம் ஒரே முறையை வகுத்தது. ‘குடும்பச் சட்டப் படிவம் 1’ஐ நிரப்பிப் பென்சன் நிர்வாகியிடம் கொடுத்தால், அவர் விதிக்கப்பட்ட சூத்திரத்தின்படி மணவாழ்வுக் காலத்துக்குரிய பெறுமதியைக் கணித்து, முழுமையான விண்ணப்பம் கிடைத்து 60 நாட்களுக்குள் இரு தரப்புக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். நிச்சயத் தொகைப் பென்சனுக்கு அவர் அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 600 டொலர். பங்களிப்பு மட்டும் சேரும் வகைக்கு 200 டொலர். அந்தப் பெறுமதியில் அதிகபட்சம் பாதியைத்தான் மற்றவருக்கு மாற்ற முடியும்.

இந்த முறை நல்லதுதான். ஆனால் இங்கே தவறுவதற்குப் பல இடங்கள் உண்டு. எங்கள் விண்ணப்பத்தை நிர்வாகி ஒரு தடவை திருப்பி அனுப்பினார். சேர்ந்து வாழ்ந்த காலத்தை இருவரும் சேர்ந்து உறுதிப்படுத்தும் படிவம் இணைக்கப்படவில்லை என்பது காரணம். அத்தான் அதில் கையெழுத்திடுவதைத் தள்ளிப்போட்டார். மூத்த மகன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசித்தான் அந்தக் கையெழுத்தை வாங்கினான். சி.பி.பி. பங்கீட்டில் இந்தக் காத்திருப்பும் கெஞ்சலும் அறவே இல்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

அறிக்கை வந்தபோது அதில் இருந்த தொகையைப் பார்த்து எல்லோரும் திகைத்தோம். வீட்டின் நிகரப் பெறுமதிக்கு அது அதிகம் குறைந்ததாக இல்லை. அதற்கு முன் குடும்பத்துப் பெரியவர்கள் சொன்ன சமாதானம், வீட்டை அக்கா எடுத்துக்கொள்ளட்டும், பென்சனை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான். இத்தகைய மாற்று சில குடும்பங்களுக்குச் சரியாகவும் அமையலாம். ஆனால் படிவம் 1க்கான பதில் வருவதற்கு முன் அந்தப் பேச்சுக்கு இணங்குபவர், தான் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று தெரியாமலே விட்டுக்கொடுக்கிறார். எண் கைக்கு வந்த பிறகும் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. பென்சனில் வரும் ஒவ்வொரு டொலருக்கும் பிற்காலத்தில் வருமான வரி உண்டு, குடியிருந்த வீட்டை விற்றால் வரும் இலாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. அதே வேளையில் வீடு மாதாமாதம் பணம் தராது; சொத்து வரியும் கூரைத் திருத்தமும் கேட்கும். அக்காவுக்கு வீட்டில் ஒரு பகுதியும் பென்சன் பெறுமதியில் ஒரு பகுதியும் என்று இறுதியில் சட்டத்தரணிகள் முடித்தார்கள். பென்சன் பகுதி அவர் பெயரில், ஓய்வுகாலம் வரை எடுக்க முடியாதபடி பூட்டப்பட்ட கணக்கு ஒன்றுக்கு நேரே மாற்றப்பட்டது. பிள்ளைகளின் அவசரத்துக்குக்கூட அதைத் தொட முடியாது என்று அக்கா முதலில் வருந்தினார். அவருடைய முதுமையைக் காப்பது அந்தப் பூட்டுத்தான் என்பது என் எண்ணம்.

ஆர்.ஆர்.எஸ்.பி. எனும் பதிவுசெய்த ஓய்வுகாலச் சேமிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அத்தானின் பெயரில் ஒரு வங்கியில் அந்தச் சேமிப்பும் இருந்தது. அதில் அக்காவுக்குரிய பகுதியைக் காசாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கிளையில் இருந்த அலுவலர் ஒருவர் சொன்னார். அப்படி எடுத்திருந்தால் 15,000 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு அங்கேயே 30 வீதம் வரியாகப் பிடித்திருப்பார்கள். முழுத் தொகையும் அத்தானின் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்து வரி மேலும் ஏறியிருக்கும். நீதிமன்ற உத்தரவோ எழுத்திலான பிரிவு ஒப்பந்தமோ இருந்தால், ‘ரி2220’ என்ற படிவத்தின் மூலம் ஒருவரின் ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கிலிருந்து மற்றவரின் கணக்குக்கு ஒரு சதம் வரியும் இல்லாமல் மாற்றலாம். அந்தப் படிவத்தின் பெயரை நாங்களே எழுதிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் காரியம் நடந்தது. வரி அவர்தானே கட்டுகிறார் என்று மனைவியும் விட்டுவிடக் கூடாது. அப்படிக் கரையும் பணம் இருவருடைய முதுமைக்குமாகச் சேர்ந்த பணம்.

காலக்கெடுக்களில் கவனம் வேண்டும். சொத்துப் பங்கீட்டுக்கான உரிமையை நீதிமன்றத்தில் கோருவதற்கு, பிரிந்து 6 ஆண்டுகள், மணமுறிவு பெற்று 2 ஆண்டுகள் ஆகிய இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவே ஒன்ராறியோவில் எல்லை. வேலைத்தலப் பென்சன் இந்த எல்லைக்குள் அடங்கும். சி.பி.பி. பங்கீடு அடங்காது. மணமுறிவு பெறாமல் பிரிந்து வாழும் தம்பதியர் ஓராண்டு பிரிந்திருந்த பின் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் 36 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். பதிவுத் திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்ததிலிருந்து 4 ஆண்டுகள். அதைத் தாண்டினால் இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்துவிட்ட தம்பதியர் நம்மிடையே உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மணமுறிவு பெறுவதா, பிரிந்து மட்டும் இருப்பதா என்று யோசிக்கும் வயதானவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மணமுறிவு பெற்றவருக்கு, முன்னாள் துணை இறந்தால் சி.பி.பி. தரும் வாழ்க்கைத்துணை ஓய்வூதியம் கிடைக்காது. சட்டப்படி இன்னும் மனைவியாகவே இருந்து பிரிந்து வாழ்பவருக்கு, கணவர் வேறொருவருடன் சேர்ந்து வாழாதிருந்தால், அது கிடைக்கக்கூடும். இதற்காக ஒரு கசந்த உறவைக் கடதாசியில் தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, அக்காவின் விண்ணப்பத்துடன் திருமணப் பதிவுச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மணமுறிவுத் தீர்ப்பின் பிரதியையும் கொடுத்தோம். இருவருடைய சமூகக் காப்புறுதி இலக்கங்களையும் படிவத்தில் எழுதினோம். முன்னாள் கணவரின் இலக்கம் கையில் இல்லாதவர்கள் பழைய வரிப் பத்திரங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான் உதவிய பெண்களில் சிலர் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது திருமணச் சான்றிதழைத் தொலைத்தவர்கள். அவர்கள் ஊரில் இருக்கும் உறவினர் மூலம் பிரதேச செயலகத்திலோ கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலோ பிரதி கேட்டு எடுக்க வேண்டும். அதற்கு நாள் எடுக்கும் என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்கிவிட்டு, பங்களிப்பு அறிக்கையையும் மற்றப் படிவங்களையும் அந்த இடைவெளியில் தயார்செய்து வைத்துக்கொள்ளலாம்.